ஜேர்மன்காரரும் ஒரு காவடியும்

மாத்திரை சோதிக்கப் போகிறவளுக்குத் தத்துவம் எதற்கு என்று, பதிவு செய்யப் போன இடத்திலேயே கேட்டுவிட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தாள். கியூபெக்கில் எந்தத் துறையில் கல்லூரிச் சான்றிதழ் வாங்குவதானாலும் தத்துவம் கட்டாயம் என்றாள். தாதியாகப் போகிறவரும் படிக்கத்தான் வேண்டும், விமான இயந்திரம் திருத்தப் போகிறவரும் படிக்கத்தான் வேண்டும். இரசாயனம், கணக்கு, பிரெஞ்சு எல்லாவற்றையும் மாலை வகுப்புகளில் ஒவ்வொன்றாக முடித்தேன். தத்துவத்தை மட்டும் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒழுக்கம் பற்றிய ஒரு பாடம் மிச்சமாக நின்றது. அதை ஒரு கோடைகாலத்தில் எடுத்தேன்.

அப்போது நான் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், பெட்டியில் அடைக்கும் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் வரிசைக்கு எதிரே ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கும். அதற்கு அப்பால் வெள்ளை மேலங்கி போட்டவர்கள் மாத்திரைகளைக் கரைத்தும் நிறுத்தும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் போகவேண்டும் என்ற ஆசை எனக்குக் கனகாலமாக இருந்தது. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னது என் கணவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் அந்தக் கண்ணாடியைப் பற்றி நெடுகக் கதைப்பதாகவும், கதைப்பதை விட்டுவிட்டுப் போய்ப் படிக்கலாமே என்றும் சொன்னார். அவர் ஒரு களஞ்சியசாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவர். நான் படிக்கத் தொடங்கிய பிறகு மாலைச் சமையல் அவருடையதாயிற்று. அவர் வைக்கும் பருப்பில் உப்பு கூடும், குறையும், ஒருநாளும் சரியாக நிற்காது. நாங்கள் குறை சொன்னதில்லை.

அவர் யாழ்ப்பாணத்துச் சைவர். நான் மட்டக்களப்பில் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். இரண்டு பேரும் சந்தித்தது இந்த ஊரில், ஒரு பிரெஞ்சு மொழி வகுப்பில். கார்ட்டியர்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டில் ஓர் அலுமாரியின் மேல் முருகனும் என் அம்மா தந்த மரச்சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விளக்கை அவர் கொளுத்துவார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மட்டும் நான் கொளுத்துவேன். 'பிறகு' என்பதற்கு அவர் 'பேந்து' என்பார், நான் 'மறுகா' என்பேன், உயர்பள்ளியில் படிக்கும் எங்கள் மகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வீட்டில் சமயத்தால் சண்டை வந்ததே இல்லை. அந்தக் கோடையில்தான் முதன்முதலாக வந்தது. அதற்குக் காரணமானவர் செத்து இருநூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒரு தத்துவவாதி.

எங்கள் ஆசிரியர் இளைஞர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதாவது குறைவாக இருக்கும். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை, கடைசிவரை, ஐயா என்கிற மாதிரி, 'மிசியூ' என்றே கூப்பிட்டேன். அவர் பழைய கிரேக்கர்களில் தொடங்கி, வேகமாகப் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்து, ஒரு ஜேர்மன் தத்துவவாதியிடம் நின்றுவிட்டார். அந்த மனிதர் தன் வாழ்நாள் முழுவதையும் ஏறக்குறைய ஒரே ஊரில் கழித்தவராம். எங்கள் வீட்டில் யாரும் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. முதல் கிழமையிலேயே அவர் 'ஜேர்மன்காரர்' ஆகிவிட்டார்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒரே வசனம் அரைப் பக்கத்துக்கு ஓடும். பேருந்தில் வாசித்து, மதிய இடைவேளையில் வாசித்து, வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. பிடிபட்டபோது அது அவ்வளவு தூரத்து விஷயமாகவும் தெரியவில்லை. நல்லதைச் செய்தால் இலாபம் வரும் என்று செய்வது ஒழுக்கம் ஆகாது, சரியானது என்பதற்காகவே செய்யவேண்டும். நான் செய்யப்போவதை எல்லாரும் செய்தால் உலகம் நிற்குமா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். எந்த மனிதரையும் என் காரியத்துக்கு ஒரு கருவியாக மட்டும் பாவிக்கக் கூடாது. இவற்றைச் சொல்ல வானத்திலிருந்து ஒருவர் இறங்கி வரத் தேவையில்லை, மனிதரின் புத்தியே சொல்லும்.

அந்தச் சோதனையை நான் வீட்டில் பாவிக்கத் தொடங்கினேன். மகள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் எழும்பினால், உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் இப்படி எழும்பினால் என்ன நடக்கும் என்று கேட்பேன். எல்லாத் தாய்மாரும் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று அவள் திருப்பிக் கேட்பாள். கணவருக்கு இதில் பெரிய சந்தோஷம். வேலைக்குப் போகும்போது காரில் என்னிடம் அன்றைய பாடத்தைக் கேட்டுக்கொண்டு வருவார்.

அப்படி ஒருநாள் சுதந்திரம் பற்றிச் சொன்னேன். நினைத்ததைச் செய்வது சுதந்திரம் இல்லையாம். பசி இழுக்கும், கோபம் இழுக்கும், அந்த இழுவைக்குப் போவது அடிமைத்தனம். தன் புத்தி தனக்கு வகுத்த விதிக்குத் தானே கட்டுப்படுவதுதான் சுதந்திரம். அதற்கு அவர்கள் சொல்லும் சொல்லை அகராதியில் தேடினேன், 'சுயாட்சி' என்று போட்டிருந்தது.

கணவர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுயாட்சியோ? அதைத்தானே எங்கட ஆக்கள் எத்தினை மேசையில இருந்து கதைச்சும் கிடைக்கேல்ல. உம்மட ஆள் தனிய ஒரு வீட்டுக்குள்ள இருந்து எடுத்துப் போட்டாரோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சொல் எங்களுக்கு வேறு பாரம் உள்ளது என்பது எனக்கு அன்று முழுவதும் மனதில் கிடந்தது.

இதற்குப் பிறகு வந்த வகுப்பில், பொய்யைப் பற்றிய பாடம் நடந்தது. பொய் எந்த நிலையிலும் பிழை என்பது ஜேர்மன்காரரின் முடிவு. ஆசிரியர் ஒரு கதையை முன்வைத்தார். உன் நண்பன் ஓடிவந்து உன் வீட்டில் ஒளிந்திருக்கிறான். அவனைக் கொல்ல வந்தவன் கதவைத் தட்டி, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாதா? வகுப்பில் இருந்தவர்கள் இது புத்தகத்துக்காகச் செய்த கதை என்று சிரித்துக்கொண்டு வாதாடினார்கள். பொலிசைக் கூப்பிடலாமே என்றார் ஒருவர்.

நான் அதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை. அன்று கையை உயர்த்தினேன். ஊரில் எங்கள் வீட்டுக் கதவை அப்படித் தட்டினார்கள் என்று என் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். தோளில் துவக்கோடு வந்தவர்கள் என் அண்ணனைக் கேட்டார்கள். அண்ணன் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தான். என் அம்மா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், சின்னப் பொய்க்கும் எங்களை முழங்காலில் நிற்க வைத்தவர். அவர் வாசலில் நின்று, மகன் இங்கே இல்லை, கொழும்புக்குப் போய்விட்டான் என்று சொன்னார். அன்று பின்னேரம் ஜெபம் பண்ணினபோதும் அந்தப் பொய்க்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன் இப்போது இலண்டனில் இருக்கிறான், மூன்று பிள்ளைகள்.

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் மேசை விளிம்பில் வந்து இருந்தார். பிறகு, உங்கள் அம்மா செய்தது பிழை என்று ஜேர்மன்காரர் சொல்வார் என்றால், நீங்கள் அவருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். அவர் வீட்டுக் கதவை யாரும் அப்படித் தட்டவில்லை என்று சொல்வேன் என்றேன். ஆனால் கதவைத் தட்டினவர்கள் என் அண்ணனை மனிதனாகப் பார்த்திருந்தால் அம்மாவுக்குப் பொய் சொல்லவே தேவை வந்திராது, அந்த இடத்தில் ஜேர்மன்காரர் சொல்வது சரிதான் என்றும் சொன்னேன். ஆசிரியர் தலையை ஆட்டி, அதைக் கட்டுரையாகவும் எழுதச் சொன்னார். அன்று மெட்ரோவில் வரும்போது மனம் லேசாக இருந்தது. அந்தக் கதையை நான் மகளுக்குக்கூட அதுவரை முழுவதாகச் சொன்னதில்லை. அடுத்த நாள் சொன்னேன்.

அதற்குள் ஆடி மாதம் பிறந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் ஊர்ப் பக்குவத்தில் மீன்குழம்பு வைத்தேன். கணவருக்கு அது உயிர். அவர் சட்டியைப் பார்த்தார், மூடியைத் திரும்பப் போட்டார், தனக்குத் தயிர் போதும் என்றார். வயிற்றுக்குள் ஏதும் செய்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். வெள்ளிக்கிழமையும் இல்லை, கந்தசட்டியும் இல்லை. நான் விடாமல் கேட்கவே, நேர்த்தி ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னார். நான் தத்துவப் பாடத்தில் சித்தியடைந்தால் முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறாராம். அதற்காக மீன் இறைச்சி விட்டிருக்கிறாராம்.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அகராதியோடு மல்லுக்கட்டியது நான், பெயர் முருகனுக்கா என்று கேட்டேன். அதோடு நிற்காமல், மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து விரித்தேன். அந்தக் கிழமைதான் சமயம் பற்றிய பகுதி வந்திருந்தது. நல்லபடி வாழ்வதைத் தவிர வேறு எதைச் செய்தும் கடவுளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைப்பது வெறும் மயக்கம் என்பது அதன் சாரம். விரதம், யாத்திரை, நேர்த்தி எல்லாம் அந்தக் கணக்கில்தான். கடவுளை நம்பு என்றுதான் ஜேர்மன்காரரும் சொல்கிறார். ஆனால் ஒழுக்கம் முதலில், கடவுள் அதற்குப் பின்னால். கடவுளிடம் கைமாறு பேசக் கூடாது. நான் அதைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் கணவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"எனக்கு இந்தளவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உமக்குப் பக்கத்தில இருந்து சொல்லித் தந்திருப்பன். எனக்குத் தெரிஞ்சது இதுதான். அதைச் செய்யிறன்."

"அதுக்கு நான் கேட்டனா?" என்றேன்.

"நீர் கேக்கேல்ல. முருகனும் கேக்கேல்ல. நானா எனக்கு வைச்சுக்கொண்டது. அதுக்கு என்னவோ ஒரு பேர் சொன்னீரே காருக்குள்ள."

நான் சோற்றைப் போட்டுக்கொண்டேன். அவர் சொன்னது சரியல்ல என்பது எனக்குத் தெரியும். தானே வகுத்துக்கொண்ட எல்லாம் சுயாட்சி ஆகிவிடாது, அது புத்திக்கு முன்னால் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில் பருப்புச் சட்டி சுட்ட தழும்பு தெரிந்தது, விட்டுவிட்டேன். மீன்குழம்பை நானும் மகளும் சாப்பிட்டோம். அன்று அது நல்ல பக்குவமாக வந்திருந்தது என்பது இன்னும் வருத்தம்.

பிறகு ஒரு சிக்கல் தெரியவந்தது. இங்குள்ள முருகன் கோயிலின் தேர்த்திருவிழா என் வாய்மொழிப் பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. நான் சித்தியடைந்தேனா இல்லையா என்பது திருவிழா முடிந்துதான் தெரியும். காவடி எடுக்கிற நாள் வருடத்தில் ஒன்றுதான். கோயிலில் அவரோடு பழகிய அண்ணை ஒருவர், காரியம் முடிந்த பிறகு செலுத்துவதுதான் நேர்த்தி, அடுத்த வருடம் எடுத்தால் போதும் என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார். நானும் அதையே சொன்னேன். கணவருக்கு முழங்கால் நோவு இருந்தது, ஒரு வருடம் தள்ளிப்போனால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கணவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, இந்த வருடமே எடுப்பதாகச் சொன்னார்.

"பாஸ் பண்ணினா எடுக்கிறன் எண்டது எனக்கே பேந்து ஒரு மாதிரி இருந்தது," என்றார். "நீர் பாஸ் பண்ணாட்டி நான் முருகனோட கோவிக்கவோ? இல்லாட்டி உம்மோட கோவிக்கவோ? நீர் படிச்சது படிச்சதுதான். நான் எடுக்கிறன்."

தேரன்று நல்ல வெயில். கோயிலுக்கு முன்னால் இருந்த தெருவை மறித்திருந்தார்கள். அந்தத் தெருவில் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் கதிரை போட்டு இருந்து பார்த்தார்கள். ஒரு வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து, வெறுங்காலில் நடக்கிறவர்களுக்காகத் தார்வீதியைக் குளிரப்பண்ணிக்கொண்டிருந்தார். கணவர் முதுகில் செடில் முள் குத்தவில்லை. மயிலிறகு கட்டிய காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு தேருக்குப் பின்னால் ஆடினார். ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை எடுத்து மற்றக் காலை வைப்பதற்குள் தவில் எங்கோ போய்விடும். மகள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்திலேயே தண்ணீரோடு நடந்தாள்.

நான் அவருடைய செருப்பையும் சட்டையையும் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன். ஜேர்மன்காரர் கட்டளைகளை இரண்டாகப் பிரித்திருந்தார். இது வேண்டுமென்றால் அதைச் செய் என்பது ஒன்று. செய் என்று மட்டும் சொல்வது மற்றது. ஒழுக்கத்தின் கட்டளை இரண்டாவது வகை, அதில் 'என்றால்' கிடையாது. வகுப்பில் ஆசிரியர் பலகையில் கோடு கீறி விளக்கியும் எனக்கு அது வெறும் இலக்கணமாகத்தான் இருந்தது. அந்தத் தெருவில், முழங்காலை ஒருக்களித்து ஒருக்களித்து வைத்துக்கொண்டு அவர் வருவதைப் பார்த்தபோது, ஒரு மனிதர் ஒரு சொல்லை எடுத்து எறிந்துவிட்டார் என்று தோன்றியது. அந்த 'என்றால்' போன பிறகு மிச்சமாக இருந்தது அன்புதான். அன்பைக் கடமை என்று கட்டளையிட முடியாது என்றும் ஜேர்மன்காரர் சொல்லியிருந்தார். அதனால் ஜேர்மன்காரரின் விதிக்குள் என் கணவரும் முழுவதாக அடங்கவில்லை, என் கணவரின் காவடிக்குள் ஜேர்மன்காரரும் அடங்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. கண் கலங்கியதை வியர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியான வெயில்.

வாய்மொழிப் பரீட்சைக்கு எங்கள் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துப் பேசவேண்டும். பரீட்சைக்கு முதல்நாள், காவடியைப் பற்றிப் பேசலாமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"என்னை ஒரு கருவியாப் பாவிக்கப் போறீரோ?"

"கருவியா மட்டும் இல்ல," என்றேன். "அதுதான் கேட்டுட்டுச் செய்யிறன்."

"அப்ப சரி. சொல்லும். முழங்கால் நோவைச் சொல்ல வேண்டாம்."

முழங்கால் நோவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். காவடி என்றால் என்ன என்று கையால் வளைத்துக் காட்டினேன். நிபந்தனையோடு வைத்த நேர்த்தி நிபந்தனை இல்லாமல் போன கதையைச் சொன்னேன். ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், தத்துவவாதி இதை ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டார். மாட்டார் என்றேன். தோளில் மரத்தைத் தூக்கி ஆடுவதைவிட, மனைவி படிக்கும்போது சோறு சமைத்துக் கொடுப்பதுதான் உண்மையான வழிபாடு என்று சொல்வார். ஆனால் என் கணவர் அதையும் செய்தார், ஆகவே அவர்கள் இரண்டு பேரும் சந்தித்திருந்தால் சண்டை கனநேரம் நடந்திராது என்றேன். ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். தன் தாத்தாவும் இங்குள்ள பெரிய தேவாலயத்தின் படிகளில் முழங்காலால் ஏறினவர் என்றும், அதைப் பற்றித் தான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை என்றும், புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

மகள்தான் கணினியில் முடிவைப் பார்த்தாள். நன்றாகச் சித்தியடைந்திருந்தேன். ஆகத் திறமான புள்ளி இல்லை, எழுத்துப் பிரெஞ்சுக்குக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். கணவர் முருகனுக்கு விளக்கைக் கொளுத்திவிட்டு, கடைக்குப் போய் ஒரு பெரிய மீன் வாங்கி வந்தார். அவர் விளக்குக் கொளுத்தியதை நான் கேள்வி கேட்கவில்லை. சிலுவைக்கு முன்னால் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். கேட்க ஒன்றும் இருக்கவில்லை, அதனால் நிற்பது சுகமாக இருந்தது.

இலையுதிர்காலம் தொடங்கியபோது எனக்குக் கண்ணாடிக்கு அப்பால் வேலை கிடைத்தது. அந்தக் கிழமை முடிவில் மூன்று பேரும் காரை எடுத்துக்கொண்டு இல்-பிசார் தீவுக்குப் போனோம். அங்கிருந்து லாவாலுக்குக் காரோடு ஏற்றிப் போகும் ஒரு சின்னப் படகு கோடையில் ஓடும். அந்த வருடத்துக்கு அது நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆறு அசைவில்லாமல் கிடந்தது. மகள் காருக்குள் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு இருந்தாள். நாங்கள் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம்.

"உம்மட ஜேர்மன்காரர் கலியாணம் கட்டினவரோ?" என்று கணவர் கேட்டார்.

"இல்ல. கடைசிவரைக்கும் தனியத்தான்."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். பாவம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப ஆர் சமைச்சுக் குடுத்தது?" என்று கேட்டார்.

வேலைக்காரர் ஒருவர் இருந்தாராம் என்று சொன்னேன். அவரைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். நான் வாசித்த பகுதியில் இல்லை, வேறெங்காவது இருக்கலாம், தேடிப் பார்க்கிறேன் என்றேன். படகு அக்கரையில் முட்டி நின்றது. முன்னால் நின்ற கார் நகரத் தொடங்கவும், நாங்கள் ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.